தரங்கம்பாடிப் புறாவும் கோடியக்கரைப் பறவைகளும்



அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லைப் பொறுக்க வரும் புறாக்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு ஜாதி கொஞ்சம் சின்னது. ஆணுக்கு உடம்பு செங்கல் நிறம், தலை சாம்பல் நிறம், பிடரியில் மை தீட்டினாற்போல ஒரு கறுப்புக் கோடு. இந்தப் புறாவின் லத்தீன் பெயரில் நம்ம தரங்கம்பாடி இருக்கிறதுங்க! 'டிராங்குபாரிக்கா' என்று பெயர். தரங்கம்பாடியை ஐரோப்பியர்கள் 'டிராங்குபார்' என்றுதான் எழுதினார்கள். ஹெர்மன் என்ற பேராசிரியரின் நூலில் 1804-ல் அந்தப் பெயர் அச்சேறியது.

தரங்கம்பாடி எப்படி அங்கே போச்சு? 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் இங்கிருந்த பாதிரிமார் சிலர், ஊழியம் போக மிச்ச நேரத்தில் செடி, மீன், பாம்பு என்று சேகரித்துச் சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஜான் என்ற பாதிரியார் 1813-ல் இறக்கும்வரை இதே வேலையாக இருந்தார். நம் வரப்பு மண்ணில் புதைந்து கிடக்கிற மண்ணுளிப் பாம்புக்கு லத்தீனில் அவர் பெயர்தான். (இந்தப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை என்று ஆசை காட்டுகிற கும்பலை நம்பாதீர்கள். எலி தின்கிற பாம்பு. பிடித்தால் வழக்குதான் மிச்சம்.)

அவர்கள் பெயர் வைத்தார்கள், பாடம்பண்ணிப் பெட்டியில் அடைத்தார்கள். பறவை உயிரோடு இருக்கணும் என்று கேட்டவர்கள் யார்? நம்மைப்போல விவசாயிகள்.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஏரி. ஏரிக்குள் நிற்கிற மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். அதன் எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கூடுதல் என்பது ஊராருக்கு அனுபவத்தில் தெரியும். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதுதான் காரணம் என்று விஞ்ஞானம் பிறகுதான் சொன்னது. 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று உத்தரவே வாங்கிவிட்டார்கள். வன உயிர்ச் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு ஏறக்குறைய 180 வருஷம் முந்தி நடந்த சங்கதி இது.

நம் பக்கமும் இப்படி இடங்கள் உண்டு. மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூர் ஏரி 1999-ல் சரணாலயம் ஆயிற்று. மேட்டூர்த் தண்ணீர் வந்தால் ஏரி நிறையும், பறவையும் வரும். கோடையில் ஏரி காய்ந்துவிடும். பெரிய இடம் என்றால் கோடியக்கரைதான். முதலில் வெளிமானுக்காக 1967-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் வேதாரண்யம் சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏறியது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இங்கே நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக் காயலில்தான் போய் விழுகின்றன. வயலில் அடிக்கிற பூச்சிமருந்து மழையில் கரைந்து வடிகாலில் இறங்கினால் கடைசியில் சேருமிடம் அதுதான். அங்கே புழுவையும் இறாலையும் மீனையும் தின்றுதான் பறவை பிழைக்கிறது. நத்தை குத்தி நாரைக்கோ வயல் நத்தைதான் ஆகாரம். அது நமக்கு வேலை செய்கிற பறவை. அதையும் கண்ணி வைத்துப் பிடித்துக் கறிக்கு விற்கிறார்களே, அது எனக்கு மனசு ஒப்பவில்லை.

போய்ப் பார்க்க நினைக்கிறவர்கள் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் போகலாம். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகப் போகணும். விடிகாலையில் அங்கே இருப்பதுபோலக் கிளம்புங்கள். வெயில் ஏறினால் கானல்தான் தெரியும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கின துணியாக உடுத்துங்கள். வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பூநாரைக் கூட்டம் தூரத்தில் இளஞ்சிவப்பு வரப்புப்போலத் தெரியும். சைபீரியாப் பக்கமிருந்து வருகிற உள்ளான்கள் சேற்றில் ஓடும்.

சில பறவைகளின் காலில் சின்ன உலோக வளையம் இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய 1959 முதல் பெரிய அளவில் செய்துவரும் வேலை அது. உங்கள் வயலில் வளையம் போட்ட பறவை செத்துக் கிடந்தால், வளையத்தில் உள்ள எண்ணையும், கண்ட தேதியையும், ஊர்ப் பெயரையும் எழுதி அந்தச் சங்கத்துக்கோ வனத்துறைக்கோ தெரியப்படுத்துங்கள்.