யூதர் பெயரும் அரச பதிவேடும்

எபிரேய மரபில் பெயர் என்பது தலைமுறைகளைப் பிணைக்கும் சங்கிலி. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள், விருத்தசேதனத்தின்போது பெயரிடுவர். 'மகன்' எனப் பொருள்படும் 'பென்', 'மகள்' எனப் பொருள்படும் 'பத்' ஆகிய சொற்களால் தந்தையின் பெயர் அதனுடன் இணையும். அஷ்கெனாசி யூதர் மறைந்த மூதாதையரின் பெயரையே சூட்டுவர். செபர்தி யூதரோ வாழும் பாட்டனின் பெயரையும் சூட்டி அவரைக் கௌரவிப்பர்.

மத்திய ஐரோப்பிய யூதர் பலருக்கு நிலையான குடும்பப்பெயரைத் தந்தது அரச ஆணையே. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசப்பும், 1808இல் நெப்போலியனும் அதனைக் கட்டாயமாக்கினர். பெயர் பதிவேட்டுக்குரியதாயிற்று.

அதன் கொடிய எல்லையை 1938 ஓகஸ்ட் 17இல் நாஸி அரசு தொட்டது. தனது பட்டியலில் இல்லாத முற்பெயர் கொண்ட யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்தெழுத வேண்டுமென ஆணையிட்டது. போற்றிய பெயர்களே இனங்காட்டும் முத்திரைகளாயின. அரசு பெயர் கேட்கும்போதெல்லாம், எதற்காக என்று நாமும் கேட்கவேண்டும் என்பதே இவ்வரலாற்றில் நான் காணும் பாடம்.

தொழுகைக் கூடத்தில் தோரா வாசிப்புக்கு அழைக்கப்படும் யூதர் இன்றும் தந்தை பெயருடனேயே அழைக்கப்படுகிறார். பதிவேடுகளால் அம்மரபை அழிக்க முடியவில்லை.