வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா

என் கொள்ளுப்பாட்டனின் தமையன் ஒருவர் நேட்டால் போய்த் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குத் திவசம் கிடையாது. இறந்த திதி தெரியாததால் என்று நினைத்திருந்தேன்.

வாலாஜாபேட்டையிலிருந்து துறைமுகம் எட்டாத இடமல்ல. 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம் எல்லாம் கப்பல் பட்டியலில் உண்டு. ஊரிலேயே இருந்துவிட்ட என் கொள்ளுப்பாட்டனைப் பற்றி இவ்வளவு எங்கும் எழுதப்படவில்லை.

டர்பனில் தம் முன்னோரைத் தேடுகிற சிலர் எனக்காகவும் பட்டியல்களைப் பார்த்தார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஊர்ப் பெயர்களை உரக்கப் படித்துப் பார்த்து, இன்ன ஊர் என்று நான் அவர்களுக்கு எழுதினேன்.

ஒரு பெயர் அகப்பட்டது. தகப்பன் பெயரும் கிராமமும் பொருந்தின. ஜாதி பொருந்தவில்லை. அடுத்த எண்ணில் அதே கிராமத்துப் பெண், அதே ஜாதி, மனைவி என்றிருந்தது. டிப்போவில் ஜாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. இவர் அவளுடையதைச் சொல்லியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அது நம்ம ஆளு இல்லப்பா" என்றார். ஆனால் புருவத்தில் தழும்பு என்று நான் படித்தபோது, "எடப் பக்கந்தானே?" என்று கேட்டதும் அவர்தான்.