உப்புக் காற்றும் கார் பூச்சும்

பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, செங்கல் படகுத்துறை ஒன்றும் அதன் மரக்கம்பங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த மரம். ஈரச் சேறு காற்றை அண்டவிடவில்லை.

கடற்கரையோரம் நிற்கும் என் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

காருக்குப் பூச்சு தேடிய கதைக்கும் நூறு வயது. முன்பெல்லாம் வண்ணம் பூசிக் காய வாரக்கணக்கில் ஆகுமாம். 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த டூக்கோ, அந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைத்தது. நம்மூர்ப் பட்டறைகளில் 'டூக்கோ பெயின்ட்' என்ற பேச்சு அதில் வந்ததுதான். பளபளப்பு மங்காமலிருக்க மெழுகு தேய்த்தார்கள். அதில் பேர்பெற்ற கர்னாபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனையின் ஓலையில் எடுப்பது. நம் வெயிலில் சில வாரமே தாங்கும். பிறகு வந்த செயற்கை பாலிமர் சீலன்ட் சில மாதம் நிற்கும். எனவே அதை வாங்கினேன்.

முதல் முறை அவசரப்பட்டேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கதவடியில் கல்பட்ட கீறலின் மேலேயே பூசினேன். அடுத்த மழைக்காலத்தில் அங்கே துரு கொப்பளித்தது. உப்பையும் உள்ளே வைத்தல்லவா மூடியிருக்கிறேன்!

இப்போது நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, கீறலுக்கு வண்ணம் வைத்துக் காயவிட்ட பிறகே, நிழலில் மெல்லிசாகப் பூசித் துடைக்கிறேன். பாதி நாள் கழுவுவதற்கே போய்விடுகிறது.