சாரி கார்டு முதல் இஞ்சின் கார்டு வரை

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்டல. போன மாசம் ஊருக்கு (ஆரணிதான், வேற எங்க) போனப்போ ஒரு சம்பவம். அதுலேர்ந்து கிளம்பினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தகரம், கொஞ்சம் கொசுவத்தி.

போளூர் வழியா ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். ஜவ்வாது மலையில தார் ரோடு இருக்கறப்போ மண்பாதையில இறங்குவானேன்? இறங்கினேன். வலது பக்கமா விழுந்தேன். எனக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும்தான். வண்டிக்கு பிரேக் பெடல் உள்ள மடங்கி, கிளட்ச் கவர்ல ஒரு ஓட்டை. சொட்டுச் சொட்டா ஆயில்.

இந்தக் கவர் வார்ப்பு அலுமினியம். லேசு, விலையும் குறைவு, ஆனா இரும்புத் தகடு மாதிரி நெளியாது, உடைஞ்சுடும். வலது பக்கம் அதுக்குப் பின்னாடி கிளட்ச் தட்டுகள் ஆயில்ல ஓடிட்டு இருக்கும். ஆயில் போனப்புறமும் ஓட்டினா இஞ்சின் பிடிச்சுக்கும். அதனால வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய், பெட்டிக்கடையில எம்-சீல் வாங்கி, ஓட்டையைச் சுத்தி பெட்ரோல்ல துடைச்சு, அப்பி, காயற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு மெக்கானிக் கடையில ஆயில் ஊத்தி, மெதுவா இறங்கியாச்சு.

இப்போ வரலாறு. இஞ்சினுக்குக் கவசம்ங்கறது புதுசு இல்ல. இரண்டாம் உலகப் போர்ல ராயல் என்ஃபீல்டு 125 சிசி-யில 'ஃப்ளையிங் ஃப்ளீ'ன்னு ஒரு குட்டி வண்டி செஞ்சாங்க. பாராசூட்ல இறக்கணுமே, அதுக்காக வண்டியைச் சுத்தி இரும்புக் குழாயில ஒரு கூண்டு! முழு வண்டிக்குமே கார்டு.

அதே கம்பெனி 1955-ல சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆச்சு. திருவொற்றியூர்ல புல்லட் வந்தது. ராணுவம் எல்லைக் காவலுக்குன்னு வாங்கின வண்டி அது. நம்மூர்ல புல்லட்டுக்கு முன்னாடி வளைஞ்சு நிக்கற அந்தக் கம்பிக்கு 'லெக் கார்டு'ன்னு பேரு. காலைக் காப்பாத்தத்தான் வெச்சாங்க, பல தடவை காப்பாத்தறது இஞ்சினை.

1968-ல யமஹா டிடி-1 வந்தப்புறம் ரோடு, காடு ரெண்டுக்கும் ஒரே வண்டிங்கறது பரவலாச்சு. 1980-ல பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ். அடுத்த வருஷமே பாரிஸ்-டக்கார் பந்தயத்துல ஹூபர்ட் ஒரியோல் அதுல ஜெயிச்சார். அந்த வண்டிக்கு சிலிண்டர் ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், விழுந்தா முதல் அடி அதுக்குத்தான். இந்தியாவுல 2011-ல ஹீரோ இம்பல்ஸ், 2016-ல ஹிமாலயன், 2019-ல எக்ஸ்பல்ஸ் 200. ஹிமாலயனுக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் இஞ்சின் அடியில தட்டு கம்பெனியிலேயே வந்துடுது. பக்கவாட்டுக்குத்தான் நாமளே ஏதாச்சும் பண்ணிக்கணும்.

பண்ணினேன். அட்டையில அளவு வெட்டி, 3 மி.மீ. அலுமினியத் தகட்டுல வரைஞ்சு, ஊர்ல லேத் வெச்சிருக்கற அண்ணாகிட்ட குடுத்தேன். பாத்தவுடனே கேட்டார்: "இதை எங்க தம்பி முடுக்கப் போற?"

"கவர் போல்ட்டுலயேண்ணா."

"அப்போ அடி நேரா கவருக்குத்தானே போகும்? கல்லு ஒடைக்கறதுக்குப் பதிலா இந்தத் தகடு ஒடைக்கும்."

நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சது நான் :-) கடைசியில தகட்டை ஃப்ரேம்ல பிடிச்சோம். கவருக்கும் தகட்டுக்கும் நடுவுல இடைவெளி, பின்னாடி பழைய ட்யூப் ரப்பர். ஆயில் ஊத்தற இடத்தையும், காத்து பட வேண்டிய இடத்தையும் மூடல. அடியில ஒரு துளை, சேறு தண்ணி இறங்கறதுக்கு.

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்பா தறியிலேர்ந்து எழுந்து வந்து பாத்தார். நாடாவை எடுத்து கையில குடுத்தார். மரத்துல செஞ்ச நாடா, ரெண்டு முனையிலயும் இரும்பு. "தினமும் எத்தனை தடவை போய் முட்டுது? இது இல்லன்னா மரம் பிளந்து பாவு அறுந்துடும்"னார். அவ்வளவுதான் சொன்னார். ஆனா ரெண்டு பேருக்கும் வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

காலேஜ் ரெண்டாம் வருஷம். பைக் வாங்கினவுடனே நான் செஞ்ச முதல் வேலை, சாரி கார்டைக் கழட்டிப் போட்டது. அசிங்கமா இருக்காம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 123-வது விதி, பின்னாடி உக்காரறவங்க துணி சக்கரத்துல சிக்காம பின்சக்கரத்துல பாதியாவது மறைஞ்சிருக்கணும்னு சொல்லுது. அதெல்லாம் அப்போ யாருக்குத் தெரியும்? ஒரு கல்யாணத்துக்கு அம்மாவை ஏத்திக்கிட்டுப் போனேன். கட்டியிருந்தது அப்பா நெஞ்ச பட்டு. முந்தானை செயின்ல சிக்கி இழுத்துடுச்சு. மெதுவா போனதால மணிக்கட்டு எலும்பு முறிவோட போச்சு. சேலையைக் கத்தரிச்சுத்தான் எடுத்தோம்.

அப்பா திட்டவே இல்ல. மறுநாள் காலையில எழுந்து பாத்தா, பரண்ல கெடந்த சாரி கார்டு வண்டியில மாட்டியிருந்துச்சு. கம்பிக்கு நடுவுல வலை வேற பின்னியிருந்தார்.

உலகத்துல முதல் கார்டு எதுன்னு எனக்கு இனிமே கவலை இல்ல. ஒரு தடவை விழுந்தவன் அடுத்தவன் விழறதுக்கு முன்னாடி செஞ்சு வெக்கறதுதான் கார்டு.

டிஸ்கி: அந்த வண்டி இப்போ இல்ல. புது வண்டியில சாரி கார்டு இருக்கு. மலையேறப் போனாலும் கழட்டறதில்ல. கிண்டல் பண்றவங்க பண்ணிக்கலாம்.