தீக்குச்சியும் தாடை எலும்பும்

மாலையில் விளக்கேற்றத் தீக்குச்சியை உரசும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் கலந்தார்கள். எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்து வேலை செய்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். கடைசியில் தாடை எலும்பே அழுகிவிடும். ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸ் அப்போதே இருந்தது. விலை அதிகம் என்று முதலாளிகள் ஒதுக்கினார்கள்.

1888 ஜூலையில் லண்டன் பிரையன்ட் அண்டு மே ஆலையில் சுமார் 1400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் எழுதியவர், பிற்பாடு நம் அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார்தான். அபராதங்கள் நின்றன. சாப்பிடத் தனி அறை கிடைத்தது. அதுவரை பாஸ்பரஸ் படிந்த இடத்திலேயே சாப்பிட்டார்கள். ஆனாலும் அந்த ஆலை வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது 1901இல்தான்.

1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920களில். நம் தொழிலாளிகளுக்கு வேறு ஆபத்துகள் இருந்தன, இருக்கின்றன. அந்தத் தாடை நோய்க்கு மட்டும், முகம் தெரியாத அந்தப் பெண்களின் வேதனையால், முன்கூட்டியே கதவு அடைபட்டுவிட்டது.