ஒரு தாயின் தடையும் ஒரு பொடியனின் முதல் இசைத்தட்டும்



சென்ற மாதம் எமது இளையோர் நிகழ்ச்சியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் லில் வெய்னின் பாட்டு ஒன்றைக் கேட்டிருந்தான். நிகழ்ச்சி முடிவதற்குள் அவனுடைய தாயார் கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். "அண்ணை, உந்தப் பாட்டுகளை ரேடியோவிலை போடாதேங்கோ. வீட்டிலை நான் படுகிற பாடு காணும்" என்றார்.

நான் கணக்காளன். சீர்காழியையும் சௌந்தரராஜனையும் தாண்டி எனக்கு இசையில் பெரிய அறிவில்லை. ஆனாலும் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்து வைப்பது என் வழக்கமில்லை. அந்தப் பாடகரின் முதலாவது இசைத்தட்டைப் பையனிடமே இரவல் வாங்கி, பென்சிலும் தாளுமாக இருந்து கேட்டேன். அதன் வரலாற்றையும் தேடி வாசித்தேன். அந்த வரலாற்றில் ஒரு தாய் வருகிறார். ஆகையால் இந்த மாதப் பேச்சை அதற்கே ஒதுக்கிக்கொண்டேன்.

இசைத்தட்டின் பெயர் 'த பிளொக் இஸ் ஹொட்'. 1999 நவம்பர் 2ஆம் திகதி வெளிவந்தது. பிளொக் என்பது தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரு குடியிருப்புத் துண்டு. அது 'சூடாக' இருக்கிறது என்றால் பொலிஸாரின் கண்ணும் எதிராளியின் கண்ணும் அதன்மேல் விழுந்திருக்கிறது என்று பொருள். எங்களில் பலருக்கு இதை மேலும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் ராப் இசை என்றால் நியூயோர்க், அதற்கு அடுத்தபடியாக லொஸ் ஏஞ்சல்ஸ். தென் மாநிலத்தவரை யாரும் பெரிதாக மதித்ததில்லை. 1995இல் நியூயோர்க்கில் நடந்த ஒரு விருது விழாவில் அட்லாண்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்ட் குழுவினர் விருது வாங்க மேடை ஏறியபோது சபையினர் கூச்சலிட்டார்கள். தெற்கிடமும் சொல்வதற்கு ஒன்று உண்டு என்று அந்தக் குழுவின் ஆந்த்ரே அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கினார். நியூ ஓர்லியன்ஸ் நகரமோ இவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 'பவுன்ஸ்' என்று தனக்கெனத் துள்ளல் தாளம் ஒன்றை வைத்துக்கொண்டு தெருவிலும் விருந்துகளிலும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தில் ஊறிய மனி ஃபிரெஷ் என்பவர்தான் இந்த இசைத்தட்டுக்கு இசையமைத்தவர்.

வெய்ன் 1982 செப்டம்பர் 27இல் அந்நகரின் ஹொலிகுரோவ் பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் டுவெய்ன் மைக்கல் காட்டர். பிள்ளை பிறந்தபோது தாய்க்கு வயது பத்தொன்பது. வறுமைப்பட்ட, துப்பாக்கிச் சத்தம் பழகிப்போன பகுதி. பொடியன் படிப்பில் கெட்டிக்காரன், பள்ளி நாடகங்களிலும் நடிப்பான். எங்கள் தாய்மார் ஆசைப்படும் பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் அவனுடைய மனம் பாட்டிலேயே கிடந்தது. 1991இல் இரு சகோதரர்கள் அந்நகரில் தொடங்கிய காஷ் மணி என்ற நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவருடைய தொலைபேசிப் பதிவுக் கருவியில் தன் ராப்பைப் பாடிப் பாடி விட்டுவைப்பான். கடைசியில் அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தாய்க்கு இது பிடிக்கவில்லை. இனி ராப் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். 1994 நவம்பரில் பன்னிரண்டு வயது வெய்ன் வீட்டில் துப்பாக்கிக் காயத்துடன் கிடந்தான். பல ஆண்டுகளாக அது தவறுதலாக நடந்த விபத்து என்றே சொல்லப்பட்டது. 2021இல் ஒரு நேர்காணலில்தான், அது விபத்தல்ல, உயிரை விட நினைத்துத் தானே செய்தது என்று அவர் விரிவாகப் பேசினார். அந்த நாளுக்குப் பிறகு, தான் அதுவரை அறிந்திருந்த கண்டிப்பான அம்மாவைத் தான் மறுபடி காணவே இல்லை என்றும் சொன்னார்.

இதை வாசித்தபின் இசைத்தட்டை மீண்டும் கேட்டேன். முதற்தரம் கேட்டபோது வசைச்சொற்களை ஆளுக்கொரு பத்தி போட்டுக் குறித்திருந்தேன், பழக்கதோசம். கூடப் பாடியவர்களின் பத்திகள் நிரம்பிவிட்டன. வெய்னின் பத்தியில் மிகச் சிலவே. தாய் விரும்பவில்லை என்பதற்காக அவன் தவிர்த்துக்கொண்டானாம். பதினேழு பாட்டுகளில் ஒன்றின் தலைப்பிலேயே ஒரு தூஷணச் சொல் இருக்கிறது. கொலையுண்ட வளர்ப்புத் தந்தையை நினைத்துப் பொங்கும் பாட்டு அது. அந்த இடத்தில் மட்டும் கட்டுப்பாடு உடைந்துபோகிறது. அவரின் பெயர் ரெஜினால்ட். முந்திய ஆண்டு பிறந்த தன் மகளுக்கு வெய்ன் அந்தப் பெயரைத் தழுவித்தான் பெயர் வைத்திருந்தான். ஆம் நேயர்களே, இசைத்தட்டு வந்தபோது அவனுக்கு வயது பதினேழு, கையில் ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடமும் விட்டாயிற்று.

வாய் சுத்தமாக இருந்தாலும் விசயம் சுத்தமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துப்பாக்கி, போதைப்பொருள், பகட்டு எல்லாம் தாராளமாக உண்டு. பதினேழு வயதுப் பிள்ளை முப்பது வயதுக்காரனின் வீராப்பைப் பேசுவது சில இடங்களில் சிரிப்பாகவும் இருக்கிறது. ஆனால் அந்தக் கீச்சுக் குரலில் ஒரு அவசரம் இருக்கிறது, அது நடிப்பில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். 1998இல் காஷ் மணி நிறுவனம் யுனிவேர்சல் நிறுவனத்துடன் 30 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. ஒலிப்பதிவுகளின் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கெட்டிக்கார வியாபாரம். வெய்னின் இசைத்தட்டு நாடளாவிய விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் நுழைந்து, பத்து இலட்சப் பிரதிகளுக்கான பிளாட்டினச் சான்றையும் பெற்றது. ஆனால் நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொண்ட உரிமை பாடிய பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. கூட இருந்த ஜுவனைல், பி.ஜி., டர்க் மூவரும் பணப் பிணக்கில் ஒவ்வொருவராக விலகினார்கள். எஞ்சியவர் வெய்ன். அவரும் 2015இல் 51 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். 2018இல் சமாதானமாக முடிந்தது.

அந்தத் தாயாருக்கு நானே தொலைபேசி எடுத்து இவ்வளவையும் சொன்னேன். பாட்டைப் போடுவதா விடுவதா என்பது நிலையத்தின் முடிவு, வசைச்சொல் உள்ள பாட்டை ஒலிபரப்புவதில்லை என்ற விதி மாறவில்லை என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அந்தப் பிள்ளையை ஆரண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது?"

"ஒரு பொலிஸ்காரர். அம்புலன்ஸ் வருமட்டும் நிக்காமல் தானே காரிலை ஏத்திக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளைக்காரன். வெய்ன் பிறகு அவரை அங்கிள் பொப் எண்டுதான் கூப்பிடுறவர். 2022இலை காலமாயிட்டார்."

"பொலிஸ்காரனோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பொலிஸ்காரனோ?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு, மகன் வேலையால் வரும் நேரமாகிவிட்டது, சாப்பாடு சூடாக்க வேண்டும் என்று தொலைபேசியை வைத்தார்.