சீன மரபு மருத்துவத்தில் கருவுற்றோரின் நோய்க்குறி அறிதல்: நாடியும் வினாவலும்

முன்னுரை

சீன மரபு மருத்துவம் என்றவுடன் நாடி பார்த்தலே முதலில் நினைவுக்கு வருகிறது. மணிக்கட்டைத் தொட்ட அளவிலேயே கருவையும் அதன் பாலையும் மருத்துவர் கூறிவிடுவார் என்னும் நம்பிக்கை பரவலானது. மருத்துவ நூல்கள் காட்டும் நிலை வேறு. கருவுற்றோரின் குறிகளை மதிப்பிடுவதில் நாடி பெற்ற புகழுக்கும் அது ஆற்றிய பணிக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது; அதனைப் பெண்ணின் வாய்மொழியே நிரப்பியது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவா, கட்டியா?

மாதவிடாய் நின்ற பெண்ணை நோக்கும் மருத்துவர்முன் இரு வாய்ப்புகள் இருந்தன. கரு தங்கியிருக்கலாம், குருதி தேங்கிக் கட்டியாகத் திரண்டிருக்கலாம். அயர்வும் குமட்டலும் வயிறு பருத்தலும் இரண்டிற்கும் பொதுவாகக் கருதப்பட்டன. தேக்கமாயின் குருதியை இயக்கும் மருந்து தேவை. கருவாயின் அம்மருந்தே கருவைச் சிதைக்கும். ஆகவே குறியறிதலில் நேரும் பிழை உயிரிழப்பில் முடியக்கூடியதாக இருந்தது.

ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் பெயரால் வழங்குவதும், சொங் காலத்தில் பதிப்பிக்கப்பெற்றதுமான ‘ஜின்குய் யாவ்லுயே’ இச்சிக்கலை நேராக எதிர்கொள்கிறது. முன்னரே கட்டி உடைய பெண்ணுக்கு மாதவிடாய் நின்று, பின் குருதி கசிந்துகொண்டே இருப்பின் என் செய்வது? நின்றுபோவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் மாதவிடாய் ஒழுங்காக இருந்ததா என்பதைக் கொண்டு கருவையும் உறைகுருதியையும் பிரித்தறியுமாறு அந்நூல் கூறுகிறது. இத்தகவலை விரல்நுனி தராது. அப்பெண்ணின் நினைவிலிருந்தே பெறவேண்டும். கருவோடு கட்டியும் இருக்கையில் அந்நூல் பரிந்துரைக்கும் இலவங்கக் கிளை மாத்திரையின் அளவும் கருதத்தக்கது. முயற்புழுக்கை அளவில் நாளொன்றுக்கு ஓர் உருண்டை. பயன் தெரியாவிடில் மூன்றுவரை கூட்டலாம். ஐயம் முற்றிலும் நீங்காத நிலையில் எழுந்த எச்சரிக்கையாகவே இச்சிற்றளவைக் கொள்ளத் தோன்றுகிறது.

நாடியின் எல்லை

‘ஹுவாங்தி நெய்ஜிங்’, உடலில் நோய்க்குறி இருந்தும் நாடியில் கேடு இன்மையைக் கருவின் அடையாளமாகக் கொள்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டினரான வாங் ஷுஹே தம் ‘மாய் ஜிங்’ என்னும் நாடி நூலில் பெண்களின் நாடிக்குத் தனிப்பகுதி ஒதுக்கினார். தட்டில் உருளும் முத்துப்போல் விரலடியில் வழுக்கிச்செல்லும் ‘ஹுவா மாய்’ பின்னர்க் கருநாடியாகப் புகழ்பெற்றது. இதற்கு உடலியல் அடிப்படை உண்டு. கருவுற்ற காலத்தில் குருதியின் அளவு மிகுந்து நாளங்கள் தளர்வதால் துடிப்பு மாறுகிறது. ஆயின் அதே வழுக்கு நாடியைச் சளிக்கும் செரியாமைக்கும் உரிய குறியாகவும் சீன நூல்களே கூறுகின்றன. இடக்கை நாடி விரைந்தால் ஆண், வலக்கை நாடி விரைந்தால் பெண் என்பது யின்-யாங் கோட்பாட்டை உடலின்மேல் ஏற்றிய கூற்றேயன்றி வேறன்று.

இங்கு ஒரு சொற்குறிப்பு. ‘மாய்’ என்பதை நாடி எனத் தமிழாக்கும்போது சித்த மருத்துவத்தின் வாத, பித்த, கப நாடிகள் மனத்தில் எழுவது இயல்பு. சீனர் மணிக்கட்டில் கொண்ட மூன்று இடங்கள் உள்ளுறுப்புகளோடு தொடர்புடையன. விரல்கள் மூன்று என்பதனால் கோட்பாடும் ஒன்றாகிவிடாது.

சென் ட்சிமிங் 1237இல் தொகுத்த மகளிர் மருத்துவப் பெருநூல் கருவைச் சோதிக்க ஒரு மருந்தையும் தருகிறது. சுவான்சியோங் என்னும் வேர்க்கிழங்கின் பொடியை, மாசிபத்திரி இனத்ததாகிய ஆய் இலைக் குடிநீரில் கொடுக்கவேண்டும். வயிற்றினுள் மெல்லிய அசைவு தோன்றின் கரு உண்டு. நாடி ஒன்றே போதுமானதாக இருந்திருப்பின் இத்தகைய சோதனை தேவைப்பட்டிராது. அவ்வசைவை உணர்ந்து சொல்ல வேண்டியவளும் அப்பெண்ணே.

திரைக்கு அப்பால்

நோக்கல், கேட்டல், வினாவல், தொடுதல் என்னும் நால்வகைத் தேர்வும் இணைந்தே நோயறிதல் முழுமைபெறும் என்பது சீன மருத்துவக் கொள்கை. உயர்குடிப் பெண்களிடத்து இது நடைமுறையில் சிதைந்தது. 1116இல் ‘பென்சாவ் யான்யி’ எழுதிய கொவ் ட்சோங்ஷி, செல்வர் இல்லங்களில் பெண்கள் திரைக்குப்பின் இருப்பதையும் கையைத் துணியால் மூடி நீட்டுவதையும் குறைகூறுகிறார். மிகுதியாக வினவினால், திறமையற்றவர் என எண்ணி அவர் தரும் மருந்தை உண்ண மறுத்தனராம். நாடி மட்டுமே அறிந்து சொல்வது மருத்துவரின் பெருமையாகக் கருதப்பட்ட சூழலில், வினா அவருக்கு இழுக்காயிற்று. கேட்டுத் தெளியவேண்டிய இடத்தில் ஊகம் அமர்ந்தது. (நாணத்தால் பெண்கள் தந்தப் பாவையில் நோயுற்ற இடத்தைச் சுட்டிக்காட்டினர் என்னும் கதையைச் சான்றாகக் கொள்ளல் இயலாது. அருங்காட்சியகங்களில் உள்ள அப்பாவைகளிற் பல, அயல்நாட்டார் வாங்குவதற்கெனப் பிற்காலத்தே செய்யப்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து.)

மிங் காலத்தில் வூசி நகரில் வாழ்ந்த தான் யுன்சியான் (1461–1556) என்னும் பெண் மருத்துவரின் குறிப்புகள் இவ்விடத்தில் சிறப்புப் பெறுகின்றன. பாட்டியிடம் மருத்துவம் பயின்ற இவர், தம் ஐம்பதாம் வயதையொட்டி 31 நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்தார். நோயாளர் அனைவரும் பெண்கள். கருச்சிதைவு, குருதிப்போக்கு, மகப்பேற்றுக்குப் பிந்தைய நலிவு முதலியவற்றை எழுதுங்கால் அவர் குறியோடு நிறுத்துவதில்லை. அப்பெண் செய்த வேலை, குடும்பத்தில் எழுந்த சினம், துயரம் ஆகியவற்றையும் நோயின் காரணமாகப் பதிவுசெய்கிறார். படகில் சுக்கான் பிடித்த பெண்ணின் மரத்த கைகளும், இரவுபகலாகச் செங்கல் ஓடு செய்யும் வேலையில் உழன்றவளின் பெருங்குருதிப்போக்கும் அவர் ஏட்டில் இடம்பெறுகின்றன. திரையின்றி, அருகமர்ந்து கேட்டதால் கிடைத்த செய்திகள் இவை. மருத்துவம் கற்ற ஆடவர் பலர் இத்தகைய பெண்களைச் சந்திக்கும் வாய்ப்பையே பெற்றிலர். அந்நூலும் அவர் மகன் வழியாகவே அச்சேறியது.